ஊசிவழி போன ஸ்டெம் செல் நான்கு நாளில் இறப்பது ஏன்? மரபணுவை மாற்றினால் நிலைக்குமா?

கேள்வி: குன்றக்குடி மாணவி

காரைக்குடியில் உயிர்த்தொழில்நுட்பவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில் நாற்பது நிமிடம் பேச வேண்டும். உடலில் செலுத்தும் ஸ்டெம் செல்களின் மரபணுவை மாற்றி அவற்றைப் பிழைக்கவைக்கும் முயற்சிகளைத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். படிக்கப் படிக்கத் தெளிவதற்குப் பதிலாகக் குழப்பமே மிகுவதால் இங்கே கேட்கிறேன்.

கோடை விடுமுறையில் ஓர் ஆய்வகத்தில் பயிற்சிக்குப் போயிருந்தபோது, உறைநிலையிலிருந்து எடுத்த எலும்பு மஜ்ஜை மீசன்கைமல் செல்களை (மஜ்ஜையிலிருந்து பெறும் ஒரு வகை ஸ்டெம் செல்) டிரிப்பான் புளூ சாயத்தோடு கலந்து, நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாக எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாமல் ஓரம் மின்ன உருண்டையாக நிற்கும். இறந்தது நீலம் பாரித்துக் கிடக்கும். அன்று நூற்றுக்குத் தொண்ணூறு செல்கள் மின்னின. ஊசியில் ஏற்றும் வரை இத்தனை நலமாக இருப்பவை உடலுக்குள் போனதும் என்ன ஆகின்றன என்று தேடியபோது 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. மனித மீசன்கைமல் செல்களைச் சுண்டெலியின் இதயத்தில் செலுத்தி நான்காம் நாள் பார்த்ததில் ஏறத்தாழ 0.44 விழுக்காடுதான் எஞ்சியிருந்தனவாம். ஆயிரத்துக்கு ஐந்துகூட இல்லை.

அந்நியமென்று கண்டு உடல் அழித்துவிடுவதுதான் இதற்குக் காரணமா? ஆக்ட், பிசிஎல்-2 போன்று செல்லின் சாவைத் தடுக்கும் மரபணுக்களைச் சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீருமென்றால், இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது மருத்துவமனைக்கு வந்து சேராதது ஏன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மாரடைப்பு கண்ட என் சித்தப்பாவிடம் வெளியூர் மருத்துவமனை ஒன்றின் சார்பில் வந்த ஒருவர், 'ஜீன் ஏற்றிய ஸ்டெம் செல்' ஊசி போட்டால் இதயத் தசை புதிதாக வளரும், ஆறு லட்சம் ஆகும் என்று சொல்லிப் போயிருக்கிறார். நான் படிக்கும் பாடம் என்பதால் வீட்டில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பதில்: தேவகோட்டைக்காரன்

தங்கைக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. பிழைப்பு பெங்களூரில், செல் வளர்க்கும் ஆய்வகத்தில்.

உங்கள் முதல் கேள்விக்கு நீங்கள் குறிப்பிட்ட ஆய்வே விடை சொல்கிறது. அதில் பயன்பட்டவை பிறவியிலேயே நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய சுண்டெலிகள். மனித செல்லை அந்நியமென்று அடையாளம் கண்டு அழிக்கும் படை அவற்றின் உடலில் ஏறக்குறைய இல்லவே இல்லை. அப்படியிருந்தும் நான்கே நாளில் அத்தனையும் போயின என்றால், எதிரி வருவதற்கு முன்பே அவற்றைக் கொல்லும் வேறு காரணங்கள் இருக்கின்றன என்றுதான் கொள்ள வேண்டும்.

அவற்றில் ஒரு பகுதி, சாவே அல்ல, இழப்பு. துடித்துக்கொண்டிருக்கும் தசையில் ஊசியால் விட்ட நீர்மம் ஊசித் துளை வழியே திரும்பி வழியும். இரத்தக் குழாய்கள் வழியே போய் நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் ஒதுங்கும். இதை எந்த மரபணுவும் தடுக்காது. தங்கியவற்றைக் கொல்வதில் முதன்மையானது, பிடிமானம் இல்லாமை. தட்டில் ஒட்டி வளரும் செல்லை டிரிப்சின் நொதியை ஊற்றிப் பெயர்த்து எடுத்தோமானால், அது தன்னைச் சுற்றியிருந்த புரதப் பின்னலோடு கொண்டிருந்த தொடர்பு அறுந்துபோகிறது. அந்தத் தொடர்பு வழியாக வந்துகொண்டிருந்த 'உயிரோடு இரு' என்னும் சைகையும் நின்றுபோகிறது. சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன்னைத் தானே அழித்துக்கொள்ளத் தொடங்கும். இந்தச் சாவுக்கு அனோய்கிஸ் என்று கிரேக்கத்திலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள். வீடற்ற நிலை என்று பொருள். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்துப் பழகிய நம் பக்கத்துக்காரர்களுக்கு, வீடில்லாமல் சாகும் ஆள் சற்றுப் புதுமையாகத்தான் இருக்கும். இவற்றோடு, மாரடைப்பு வந்த இடத்தில் இரத்த ஓட்டம் இல்லை. உயிர்வளி இல்லை, குளுக்கோஸ் இல்லை. இறந்த தசையைத் துப்புரவு செய்ய வந்த வெள்ளணுக்கள் கக்கும் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேறு. வளர்ப்புப் பெட்டியில் வேளைக்கு ஊட்டம் பெற்று வாழ்ந்த செல்லைக் கொண்டுபோய் அங்கே விட்டால் அது எப்படி நிலைக்கும்?

இனி மரபணுவுக்கு வருவோம். 2003-இல் விக்டர் சாவ் குழுவினர், எலியின் மீசன்கைமல் செல்களில் ரெட்ரோ வைரஸ் (தன் மரபணுவைச் செல்லின் குரோமோசோமில் செருகும் வைரஸ்) வழியாக ஆக்ட்1 மரபணுவை ஏற்றி, இரத்த ஓட்டம் தடைப்பட்ட எலி இதயத்தில் செலுத்தினார்கள். ஆக்ட் என்பது செல்லின் சாவு இயந்திரத்தைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் பூட்டிவைக்கும் நொதி. மாற்றாத செல்லைப் பெற்ற இதயத்தைவிட மாற்றிய செல்லைப் பெற்ற இதயம் மிக நன்றாகத் தேறியது. அதன் பிறகு பிசிஎல்-2, ஹீம் ஆக்சிஜனேஸ்-1, சர்வைவின், சிஎக்ஸ்சிஆர்4 என்று வேறு மரபணுக்களும் வரிசையாக வந்தன. விலங்குகளில் எல்லாமே ஓரளவு பலன் தந்தன.

ஆனால் கருத்தரங்கில் நீங்கள் அவசியம் சொல்ல வேண்டியது 2005-இல் நடந்தது. அதே குழுவினர் ஆக்ட் ஏற்றிய செல்களை உயிர்வளி குறைந்த சூழலில் வைத்து வளர்த்து, அவை ஊறியிருந்த நீர்மத்தை மட்டும் வடித்தெடுத்தார்கள். செல் ஒன்றுகூட இல்லாத அந்த நீர்மமே இதயத் தசைச் செல்களைச் சாவிலிருந்து காத்தது. இதயத்தில் செலுத்தியபோது அடிபட்ட பகுதியின் அளவையும் குறைத்தது. அப்படியானால், ஆக்ட் செய்த நன்மை செல் நீண்ட நாள் வாழ்ந்ததால் வந்ததா, வாழ்ந்த சில நாட்களில் அது மிகுதியாகச் சுரந்ததால் வந்ததா? என் தீர்ப்பு இரண்டாவது பக்கம்தான். மீசன்கைமல் செல்லைப் பொறுத்தவரை அது புதுத் தசையாக மாறிக் குடியேறும் என்ற எதிர்பார்ப்பையே பலரும் கைவிட்டுவிட்டார்கள். உங்கள் சித்தப்பாவிடம் 'தசை வளரும்' என்று சொன்னவர் இருபது ஆண்டு பழைய கனவை விற்கிறார்.

மரபணுவைத் தொடாமலே பிழைக்கவைக்கும் வழிகளையும் விட்டுவிடாதீர்கள். 2007-இல் சார்லஸ் மரி, மைக்கேல் லாஃப்லம் குழுவினர், மனிதக் கருவின் ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய இதயச் செல்களை எலி இதயத்தில் செலுத்துவதற்கு முன், பிடிமானத்துக்கு மாட்ரிஜெல் என்னும் புரதக் கூழ், சாவைத் தடுக்க பிசிஎல்-எக்ஸ்எல் புரதத் துண்டு, சைக்ளோஸ்போரின் மருந்து, ஐஜிஎஃப்-1 வளர்ச்சிக் காரணி முதலியவற்றைச் சேர்த்த ஒரு கலவையில் அவற்றை இட்டுச் செலுத்தினார்கள். தனித்தனியே எதுவும் போதவில்லை; சேர்த்துக் கொடுத்தபோதுதான் ஒட்டு பிடித்தது. சாவுக்குப் பல வாசல் இருக்கும்போது ஒரு மரபணுவைச் சேர்த்து ஒரு வாசலை அடைப்பது எந்த அளவுக்கு உதவும் என்பதை இது காட்டுகிறது.

பதில்: பள்ளத்தூர் ஓய்வு மருத்துவர்

அம்மா, தம்பி எழுதியது சரிதான். ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார். 'ஏன் மருத்துவமனைக்கு வரவில்லை' என்ற உங்கள் மூன்றாம் கேள்வியை அவர் தொடவில்லை.

சாகாத செல்லுக்கு மருத்துவத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: புற்று. பிசிஎல்-2 மரபணுவை முதலில் கண்டெடுத்ததே ஃபோலிகுலர் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றில்தான். ஆக்ட் என்பதும் சுண்டெலியில் புற்றை உண்டாக்கும் வைரஸ் ஒன்றிலிருந்து பெயர் பெற்றது. ஆய்வகத்தில் நீண்ட நாள் வளர்த்த மனித ப்ளூரிபொட்டன்ட் செல்களில் (உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடியவை) 20-ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி தானாகவே இரட்டித்துக்கொள்வது அடிக்கடி காணப்படும் கோளாறு. அந்தப் பகுதியில் இருப்பது பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்துக்கான மரபணு. தட்டில் உள்ள கூட்டத்தில் சாவுக்குத் தப்பும் செல் தானே மேலோங்குகிறது. அந்தத் தட்டை ஆய்வாளர் குப்பையில் போடுகிறார். இயற்கையாக வந்தால் எதைப் பழுது என்று தள்ளுகிறோமோ, அதையே நாம் கையால் ஏற்றினால் சிகிச்சை என்கிறோம். ஒழுங்குமுறை அதிகாரிகள் தயங்குவதில் எனக்கு வியப்பில்லை.

மரபணுவை ஏற்றும் வண்டியாலும் ஆபத்து வந்ததுண்டு. நோயெதிர்ப்பு ஆற்றலே இல்லாமல் பிறக்கும் எஸ்சிஐடி-எக்ஸ்1 நோய்க் குழந்தைகளுக்குப் பாரிசிலும் லண்டனிலும் அவர்களுடைய இரத்த ஸ்டெம் செல்லிலேயே நல்ல மரபணுவை ரெட்ரோ வைரஸ் வழியாக ஏற்றித் திரும்பச் செலுத்தினார்கள். பெரும்பாலான குழந்தைகள் தேறினார்கள்; ஆனால் இருபது பேரில் ஐந்து பேருக்குப் பின்னாளில் இரத்தப் புற்று வந்தது. அவர்களில் பெரும்பாலோரிடம், வைரஸ் போய் உட்கார்ந்த இடம் எல்எம்ஓ2 என்னும் மரபணுவின் அருகில் அமைந்து அதைத் தட்டி எழுப்பிவிட்டதே காரணம். இப்போது லென்டி வைரஸ் என்னும் இன்னொரு வகையின் திருத்திய வடிவங்களும், மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கருவியும் வந்திருப்பதால் அந்த ஆபத்து குறைந்திருக்கிறது, மறைந்துவிடவில்லை.

ஆனால் மரபணு மாற்றிய ஸ்டெம் செல் மருத்துவமனைக்கு வரவேயில்லை என்று பேசிவிடாதீர்கள். வேலூர் சிஎம்சியில் ஹீமோஃபிலியா ஏ (இரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளிகள் ஐவருக்கு அவர்களுடைய இரத்த ஸ்டெம் செல்லில் எட்டாம் உறைவுக் காரணிக்கான மரபணுவை லென்டி வைரஸ் வழியாக ஏற்றிச் செலுத்திய முடிவு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அரிவாள் செல் நோய்க்கு இரத்த ஸ்டெம் செல்லை கிரிஸ்பரால் மாற்றித் தரும் காஸ்ஜெவி சிகிச்சை, 2023-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. இவற்றில் எதிலும் பிழைக்கவைக்கும் மரபணு என்று ஒன்றைத் தனியாகச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கடுமையான மருந்து கொடுத்து நோயாளியின் மஜ்ஜையை முதலில் காலிசெய்கிறார்கள். இரத்தத்தில் விட்ட செல் தன் இடத்தைத் தானே தேடிப் போய் உட்கார்கிறது. அதற்கு வீடு இருக்கிறது, வீடும் காலியாக இருக்கிறது. இதயத்துக்கு அப்படி ஏதும் இல்லை.

சித்தப்பா விஷயம். 2017-ஆம் ஆண்டின் தேசிய ஸ்டெம் செல் ஆராய்ச்சி நெறிமுறைப்படி, ஏற்கப்பட்ட சில நோய்களுக்கு, பெரும்பாலும் இரத்த நோய்களுக்கு, இரத்த ஸ்டெம் செல் மாற்றுவதே வழக்கமான சிகிச்சையாக அங்கீகரிக்கப்பட்டது. மற்றவை முறைப்படி பதிவு செய்த மருத்துவ ஆய்வாகத்தான் நடக்க வேண்டும், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. 2019-ஆம் ஆண்டின் விதிகளில் ஸ்டெம் செல்லிலிருந்து பெற்ற பொருளும் மரபணு மருந்தும் எப்போதும் 'புதிய மருந்து' என்றே கருதப்படும். ஆகவே வந்தவரிடம் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ள பதிவெண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். ஆறு லட்சம் என்ற சொல்லே எனக்குப் போதுமானது. இதய மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளைச் சித்தப்பா நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குன்றக்குடி மாணவி

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. சித்தப்பாவிடம் இன்றே சொல்கிறேன். ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது. நோயாளியின் சொந்தச் செல் என்றால் நீங்கள் சொன்னவை பொருந்தும். ஒருவரிடம் எடுத்த செல்லைப் பலருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் நோயெதிர்ப்பு ஆற்றல் குறுக்கே வருமே. அங்கே மரபணு மாற்றம் உண்மையில் உதவுகிறதா?

பதில்: கானாடுகாத்தான் பெண்

அங்கேதான் அது உண்மையாக உதவும் என்று நினைக்கிறேன். நான் இன்சுலின் சுரக்கும் செல்களில் வேலை செய்பவள்.

செல்லின் மேற்பரப்பில் எச்எல்ஏ புரதங்கள் அடையாள அட்டை போல இருக்கின்றன. அந்நிய அட்டையைக் கண்டால் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் தாக்கும். அட்டையே இல்லாமல் செய்துவிடலாமென்று பி2எம் மரபணுவை வெட்டினால் டி செல் ஏமாந்துபோகும். ஆனால் அட்டை இல்லாதவனைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட என்கே செல்கள் என்னும் வேறு வெள்ளணுக்கள் வந்துவிடும். 2019-இல் சோன்யா ஷ்ரெப்ஃபர் குழுவினர் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். அட்டை உருவாகத் தேவையான பி2எம், சிஐஐடிஏ என்னும் இரு மரபணுக்களை முடக்கிவிட்டு, 'என்னைத் தின்னாதே' என்று சைகை காட்டும் சிடி47 புரதத்தை மிகுதியாக உண்டாக்கும்படி செய்தார்கள். அப்படி மாற்றிய செல்கள், பொருத்தமில்லாத சுண்டெலிகளில் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தே இல்லாமல் பிழைத்தன.

2025-இல் இது மனிதரிடம் சோதிக்கப்பட்டது. ஸ்வீடனின் உப்சாலாவில், முதல் வகை நீரிழிவு கொண்ட ஒருவரின் முன்கைத் தசையில், இறந்த கொடையாளரின் கணையத்திலிருந்து எடுத்து இவ்வாறு மாற்றிய தீவுச் செல்களை (இன்சுலின் சுரப்பவை) செலுத்தினார்கள். இவை ஸ்டெம் செல் அல்ல என்பதைக் கருத்தரங்கில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், கொள்கை ஒன்றே. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வாரம் கழித்தும் செல்கள் உயிரோடு இன்சுலின் சுரந்துகொண்டிருந்தன. செலுத்திய அளவு குறைவு என்பதால் அவர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: மாற்றம் எல்லாச் செல்லிலும் முழுமையாக ஏறுவதில்லை அல்லவா? அரைகுறையாக மாறியவையும் மாறாதவையும் அதே ஊசியில் கலந்துதான் போயின. அவரது உடல் அவற்றைத் தேடித் தேடி அழித்தது. முழுமையாக மாறியவற்றை மட்டும் விட்டுவைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல சான்றை யாரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது.

மருத்துவர் ஐயாவின் அச்சம் இங்கே இன்னும் கூடுதலாகவே பொருந்தும். காவலர் கண்ணுக்குத் தெரியாத செல் புற்றாக மாறினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பிழைக்கவைக்கும் மாற்றத்தோடு சாகவைக்கும் மாற்றத்தையும் சேர்த்து ஏற்றுவதைப் பலரும் வற்புறுத்துகிறார்கள். செல்லின் சாவைத் தொடங்கிவைக்கும் காஸ்பேஸ்-9 நொதியின் மாற்றுருவை உள்ளே வைத்துவிட்டால், ஒரு மருந்தைக் கொடுத்ததும் அது விழித்துச் செல்லை அழிக்கும். 2011-இல் வெளிவந்த முடிவின்படி, இரத்த ஸ்டெம் செல் மாற்றிய நோயாளிகளுக்கு இந்தப் பொறியோடு கொடுக்கப்பட்ட டி செல்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல், ஒரே வேளை மருந்தில் முப்பது நிமிடத்துக்குள் மறைந்தன.

இதற்கு நேர் எதிரான பாடமும் ஒன்று உண்டு. பார்க்கின்சன் நோய்க்காக மூளையில் செலுத்தும் டோபமின் நரம்புச் செல்களில் பெரும்பகுதி முதல் சில நாட்களில் இறந்துவிடும். லோரன்ஸ் ஸ்டூடர் குழுவினர் 2024-இல் கிரிஸ்பர் கொண்டு ஒவ்வொரு மரபணுவாக முடக்கிப் பார்த்து, சாவுக்குப் பொறுப்பு பி53 என்று கண்டார்கள். பி53-ஐ நீக்கிய செல்லை நோயாளிக்குக் கொடுக்க எவருக்கும் துணிவு வராது. புற்றைத் தடுக்கும் மரபணுக்களில் தலையாயது அது. அதனால் பி53-ஐத் தூண்டிவிடுவது எது என்று ஒரு படி மேலே போய்த் தேடினார்கள். டிஎன்எஃப்-ஆல்ஃபா என்னும் அழற்சிப் புரதம் என்று தெரிந்தது. முடக்குவாதத்துக்கு நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ள அடலிமுமாப் என்னும் மருந்தே அதைத் தடுக்கும். சுண்டெலியில் அதைக் கொடுத்தார்கள். செல்கள் கூடுதலாகப் பிழைத்தன. மரபணு மாற்றம் இங்கே சிகிச்சையாகவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கும் கருவியாக நின்று, பிறகு ஒதுங்கிக்கொண்டது.

தேவகோட்டைக்காரன்

மருத்துவர் ஐயா சொன்ன புற்று அச்சத்தை ஏற்கிறேன்; ஆனால் அது நிலையாக ஏறும் மரபணுவுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். சாவு முதல் வாரத்தில் நடக்கிறது என்றால் காவலும் முதல் வாரத்துக்குப் போதும். ஆக்ட் அல்லது பிசிஎல்-2 புரதத்துக்கான எம்ஆர்என்ஏவை (புரதம் செய்யச் சொல்லும் தற்காலிகச் செய்தி மூலக்கூறு) செலுத்தினால் அது குரோமோசோமைத் தொடாது. சில நாட்களில் தானே சிதைந்துவிடும். நாற்று வேர் பிடிக்கும் வரை தண்ணீரை நிறுத்திவைத்து, பிறகு வரப்பை வெட்டிவிடுவது போல. கருத்தரங்கில் ஒரு மரபணுவை முன்வைக்கச் சொன்னால், எந்த மரபணு என்பதற்கு முன் எத்தனை நாளுக்கு என்று சொல்லுங்கள்.

தங்கைக்கு இன்னொன்று. டிரிப்பான் புளூவில் மின்னிய தொண்ணூறையும் நம்பிவிடாதீர்கள். வெளிச்சவ்வு கிழிந்த செல்லைத்தான் அந்தச் சாயம் காட்டும். தற்கொலையைத் தொடங்கிவிட்ட செல் பல மணி நேரம் சவ்வு கிழியாமல் மின்னிக்கொண்டுதான் இருக்கும். அதைக் காண அனெக்ஸின்-வி சாயம் வேண்டும். வாய்ப்பு இருந்தால் அதே செல்லை ஒட்டாத தட்டில், சீரம் (வளர்ச்சிப் பொருள்கள் அடங்கிய இரத்த நீர்மம்) இல்லாத ஊட்டநீரில் ஒரு நாள் வைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள்.

குன்றக்குடி மாணவி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பதிவெண் கேட்டதற்கு, இது ஆய்வு இல்லை, நேரடி சிகிச்சை, அதனால் எண் கிடையாது என்று அவர் பதில் சொன்னாராம். சித்தப்பா அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

அனெக்ஸின்-வி கிடைக்கவில்லை. ஒட்டாத தட்டுக்கு, அகார் பூசிய சாதாரணத் தட்டைப் பயன்படுத்தினேன். சீரம் இல்லாமல் இருபத்துநான்கு மணி நேரம் கழித்து எடுத்தபோது செல்கள் சிறு சிறு திரளாகக் கூடியிருந்தன. பிடிமானம் கிடைக்காமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதாக எனக்குத் தோன்றியது. திரளை மெல்லப் பிரித்துச் சாயத்தில் கலந்து எண்ணினேன். தனியாக மிதந்தவற்றில் நீலமே மிகுதி. திரளுக்குள் இருந்தவற்றில் மின்னியவை அதைவிட நிறைய இருந்தன. முதல் படமாக இதைத்தான் காட்டப் போகிறேன்.